இமைக்கு அடியில் ஒரு எள்

"கண்ணை மூடிக்கங்க சார். நான் சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு நர்ஸ் பிள்ளை அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். சபாபதி மூடிக்கொண்டார். மூடு என்றதும் மூடிக்கொள்கிற ஆளா இவர் என்று தவமணிக்குச் சிரிப்பு வந்தது. கூடம் முழுக்க இதே கோலம்தான், நாற்பது ஐம்பது பேர் வரிசை வரிசையாகத் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சாமி கும்பிடத் தோன்றிவிட்டதுபோல. பழுதான கண் எது என்று யாருக்கும் மறந்துவிடக் கூடாதென்று அவருடைய இடது புருவத்துக்கு மேலே ஒரு துண்டுப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பத்து பத்து. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு கண்ணுக்கும் சொட்டு, மொத்தம் மூன்று முறை, அப்புறம் கண் பாப்பா விரிந்ததா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், விரிந்திருந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். முப்பது நிமிடம், கூடப் போனால் நாற்பது. அந்த நாற்பது நிமிடமும் அவர் அவளைப் பார்க்க மாட்டார், அவள் அவரைப் பார்க்கலாம். எட்டு மாதத்தில் இந்த வசதி ஒருநாளும் வாய்த்ததில்லை. ஆளைக் கண்காணிக்கத்தான் சம்பளம், ஆனால் அவர் கண் திறந்திருக்கும்போது ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வந்ததில்லை. காது ஓரத்தில் நரை. வலது ஆள்காட்டி விரலில் சிவப்பு மை, எத்தனை சோப்பு போட்டாலும் போகாதது. சட்டையைத் தேய்த்துப் போட்டிருக்கிறார், காலருக்கு அடியில் மட்டும் இஸ்திரிப் பெட்டி போகவில்லை. அதை நீவிவிடலாமா என்று கை போனது, பாதியில் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

அவளுக்குப் பெயர் தவமணி. அவருக்கு அவள் ராஜேஸ்வரி, ராஜி. போலீஸில் தலைமைக் காவலர், பன்னிரண்டு வருட சர்வீஸ், இரண்டு வருடக் கல்யாணம், அந்த மனுஷன் 'டியூட்டியையே கட்டிக்கோ' என்று சொல்லிவிட்டுப் போனதோடு அது முடிந்தது. சிம்மக்கல்லில் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகம் அடிக்கிற ஒரு அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் எட்டு மாதமாக, அச்சாகி வருகிற பெரிய தாள்களை, ஃபாரம் மடிக்கிறாள். மாடியில் ஒரு மேசை, ஒரு மேசை விளக்கு, பிழை திருத்துகிற சபாபதி. இந்தச் சபாபதி உண்மையில் திருவரசு என்கிற ஆள்தானா என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் வேலை. பதினேழு வருடத்துக்கு முன்னால் மலைக்காட்டில் ஆயுதப் பயிற்சி எடுத்த ஒரு கூட்டத்தைச் சுற்றி வளைத்தபோது சண்டையில் ஒரு கான்ஸ்டபிள் செத்தார், மூன்று பேர் தப்பித்தார்கள். இரண்டு பேர் அப்புறம் அகப்பட்டார்கள். மூன்றாவது ஆள்தான் திருவரசு. போட்டோ என்று இருப்பது பிளஸ் டூ ஹால் டிக்கெட்டில் உள்ள ஒன்று, அதை வைத்து மதுரையில் பாதிப் பேரைப் பிடிக்கலாம். வாரம் ஒரு ரிப்போர்ட். ரிப்போர்ட்டில் அவர் 'நபர்'. நபர் காலை ஒன்பதே காலுக்கு வந்தார். நபர் இட்லிக்குச் சட்னி வேண்டாம் என்று சர்க்கரை தொட்டுக்கொண்டார். நபர் பைண்டிங் பெண்களுக்கு ஃபேன் ரிப்பேர் செய்து கொடுத்தார். போன மாதம் இன்ஸ்பெக்டர் காசிராஜன் அதைப் படித்துவிட்டு மேசையில் போட்டார். "ஏம்மா தவமணி, அவன் என்ன தின்னான்னு எழுதுற, எப்பத் தும்முனான்னு எழுதுற. கண்ணுல மச்சம் இருக்கான்னு கேட்டா மட்டும் பாக்க வாய்ப்பு கிடைக்கலைங்கற. இது ரிப்போர்ட்டா, மாப்பிள்ளை வீட்டுக்கு எழுதுற லெட்டரா?" என்றார். அறையில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்கவில்லையென்றால் சந்தேகப்படுவார்களே.

மச்சம். எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கிறது. அந்த மச்சத்தைப் போலீஸுக்குச் சொன்னது எந்த உளவாளியும் இல்லை, அவரைப் பெற்ற அம்மா. பத்தொன்பது வயதில் பையன் வீட்டை விட்டுப் போனதும் அறந்தாங்கி ஸ்டேஷனில் 'மகனைக் காணவில்லை' என்று மனு கொடுத்தார்கள். அங்க அடையாளம் கேட்ட ரைட்டர், மாநிறம், ஒல்லி, ஐந்தடி ஏழு அங்குலம் என்று எழுதிக்கொண்டே வந்தவர், கடைசியில் அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டார்: 'இடது கண்ணு மேல் இமைக்கு அடியில எள்ளு அளவு மச்சம் உண்டு, குளிப்பாட்டும்போது நான் பார்த்தது.' இருபத்திரண்டு வருடத்துக் காகிதம், பழுத்த வெற்றிலை நிறம். பிள்ளை கிடைக்க வேண்டும் என்று தாய் கொடுத்த அடையாளம், பிள்ளையைப் பிடிக்கிற அடையாளமாகிவிட்டது. முதியோர் உதவித்தொகைக் கணக்கெடுப்பு என்று பொய் சொல்லிக்கொண்டு, வேலை தொடங்குவதற்கு முன்னால் தவமணி அந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு லோகாம்பாள் என்று பேர். வெயிலில் வந்த பிள்ளை என்று மோர் கொடுத்தார்கள், உதவித்தொகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பொங்கல் முடிந்ததும் வருஷா வருஷம் ஸ்டேஷனுக்குப் போய் அந்த மனு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருவார்களாம். "எம் பேத்தி வயசுப் பிள்ளைக எல்லாம் போலீசா இருக்குதுக, டீ வாங்கிக் குடுக்குதுக. அந்த மச்சம் சும்மா பாத்தா தெரியாது தாயி. கிட்டக்கப் போயி இமையத் தூக்கிப் பாக்குறவகளுக்குத்தான் தெரியும். அம்புட்டுக் கிட்டக்க ஒருத்தி அவனுக்கு இருந்தான்னா, எங்கிட்டு இருந்தாலும் நல்லாத்தான் இருக்கான்னு அர்த்தம்" என்றார்கள். அன்றைக்குத் தவமணி அதைக் குறிப்பு நோட்டில் எழுதவில்லை. வழக்குக்குத் தேவைப்படாத பேச்சு என்று நினைத்தாள்.

"ராஜி" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "இருக்கீங்களா?" "இங்கனதான் இருக்கேன்." "இல்ல, சத்தமே காணமேன்னு பாத்தேன்." "பேசுனா கண்ணத் திறந்துருவீங்க." "திறக்கல. கை எங்கன வச்சிருக்கேன்னுகூடத் தெரியல. எதுத்தாப்ல என்ன இருக்கு?" எதிரே ஒரு பெரியம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் அவருடைய மகன் அவர் பையிலிருந்து முறுக்கைத் திருடித் தின்றுகொண்டிருந்தான். அதைச் சொன்னாள். அவர் சிரித்தார், சிரித்ததில் மூடிய கண்ணோரம் மருந்து வழிந்து கன்னத்துக்கு வந்தது, அவள் முந்தானையால் ஒற்றினாள், ஒற்றிய பிறகுதான் பஞ்சு கொடுத்திருந்தது ஞாபகம் வந்தது. காலையில் பதிவு செய்கிற இடத்தில் "நீங்க யாரு, வீட்டுக்காரம்மாவா?" என்று கேட்ட பெண்ணுக்கு "ம்" என்று சொல்லியிருந்தாள். எட்டு மாதத்தில் எத்தனையோ பொய்யை முந்தின நாளே சொல்லிப் பழகிச் சொன்னவளுக்கு, இந்த ஒரு பொய் மட்டும் பழகாமலே வந்தது. அந்தப் பெண் கட்டத்தில் 'மனைவி' என்று எழுதியதை அவரும் பார்த்தார். பேனாவை வாங்கி மூடி போட்டுத் திரும்பக் கொடுத்தார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அச்சகத்தில் ஆளாளுக்கு மெட்ராஸ் ஐ வந்தது. முதலாளிக்கு வந்தது, மெஷின்மேனுக்கு வந்தது, கடைசியில் மாடிக்கும் ஏறிற்று. பத்தாம் வகுப்பு அறிவியல் நோட்ஸ் அவசரமாக அச்சேற வேண்டும், இவர் செக்கச் செவேலென்று கண்ணை வைத்துக்கொண்டு சொட்டு மருந்தைக் கன்னத்துக்கும் காதுக்கும் விட்டுக்கொண்டிருந்தார். "கொடுங்க சார் இப்பிடி" என்று அவள் வாங்கினாள். நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தவரின் இமையைக் கட்டைவிரலால் தூக்கினாள். சத்தியமாக அந்த நேரத்தில் வேலை ஞாபகமே இல்லை, மருந்து கண்ணுக்குள் விழ வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அங்கே இருந்தது எள். வெள்ளையில், நரம்பெல்லாம் சிவந்துகிடந்த வெள்ளையில், ஓரமாக, சாதுவாக. இருபத்திரண்டு வருடத்துக் காகிதத்தில் இருந்து எழுந்து வந்து உட்கார்ந்துகொண்டது மாதிரி. அவள் விட்ட மருந்து அவர் மூக்கில் விழுந்தது. "எல்லாரும் ஒண்ணுதான் போல" என்று அவர் சிரித்தார். அன்று அவள் அறைக்குப் போய்ச் சோறு பொங்கவில்லை. பாயில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தாள். 'நபரின் இடது கண்ணை' என்று எழுதிவிட்டு வெகுநேரம் கழித்து 'பார்க்க வாய்ப்பு கிடைக்கவில்லை' என்று முடித்தாள். ஒரு பொய்தானே. ஒரு பொய் தனியாகவா வரும்? அதற்குப் பிறகு பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு ரிப்போர்ட், பன்னிரண்டிலும் அதே வரி. லோகாம்பாள் சொன்ன அந்தக் 'கிட்டக்கப் போன ஒருத்தி' தான்தானே என்று ஒவ்வொரு முறை எழுதும்போதும் தோன்றும். தோன்றினால் கையெழுத்து கோணும்.

இரண்டாவது சொட்டு. பத்து இருபது. நர்ஸ் பிள்ளை இமையைக் கீழ்ப்பக்கமாக இழுத்துத்தான் விட்டாள், மேலே தூக்கவில்லை. தவமணிக்கு மூச்சு வந்தது. ஆனால் உள்ளே இருக்கிற டாக்டர் தூக்குவார். தூக்காமல் எப்படி? அதற்குத்தானே இங்கே வந்தது. யார் கூட்டிக்கொண்டு வந்தது? அவள்தான். போன வாரம் அவர் புரூஃபை வைத்துவிட்டு, "ராஜி, இங்க கொசு பறக்குதா?" என்றார். கொசு இல்லை. "ஓரத்துல மின்னல் வெட்டுற மாதிரி இருக்கு. ரெண்டு நாளா ஒரு மூலையில திரை தொங்குது" என்று வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அவள் தெரு முக்குக் கண்ணாடிக் கடைக்காரரிடம் விசாரித்தாள். அவர் பதறிவிட்டார், கண்ணுக்குப் பின்னால் உள்ள ஜவ்வு கிழியுதம்மா, உடனே லேசர் வைத்து ஒட்டினால் பிழைக்கும், விட்டால் வாரத்தில் திரை முழுசா இறங்கிரும் என்றார். சபாபதியோ ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்றார். தானாகச் சரியாகும் என்றார், ஒரு கண் போனால் இன்னொரு கண் இருக்கு என்றார். பிழை திருத்துகிறவர் பேசுகிற பேச்சா அது? ஏன் மாட்டேன் என்கிறார் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருடமாக ஒரு டாக்டர்கூட அந்த இமையைத் தூக்கியதில்லை, தூக்க விட்டதில்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், இவருக்குக் கனம் கண்ணிலேயே இருக்கிறது. அவள் அழுதாள். நடிப்பில்லை. அழுததில் அவர் இறங்கி வந்துவிட்டார். "சரி, வர்றேன். அழாதீங்க, ஃபாரம் நனையுது" என்றார். அன்று மாலையே, இரண்டு பேரும் லீவு போட்டால் எப்படியும் தெரிந்துவிடும் என்பதால், ரிப்போர்ட்டில் வேறு வழியில்லாமல் 'நபர் கண் ஆஸ்பத்திரிக்குச் செல்ல உள்ளார்' என்று எழுதியதும் காசிராஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்துருச்சு. டாக்டர் கண்ணைப் படம் போட்டு எழுதுவாங்கம்மா. அந்த சீட்டை எனக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. மச்சம் இருந்தா வாசல்ல வச்சே தூக்கிருவோம்." அந்தக் கண் பிழைக்க வேண்டும் என்று அவள் நினைத்தாள், அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் நினைத்தார்கள், இரண்டுக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே சீட்டு, ஒரே காலை பத்து மணி. காசிராஜன் இப்போது எதிர்த்த டீக்கடையில் இருக்கிறார். கூட இரண்டு பேர், மூன்றாவது டீ ஓடிக்கொண்டிருக்கும்.

எழுந்திருங்க, போயிருவோம் என்று சொல்லிவிடலாம். இப்போதே சொல்லலாம், நாற்காலி பக்கத்தில்தான் இருக்கிறது, வாய் பக்கத்தில்தான் இருக்கிறது. சொன்னால் அவர் கேள்வி கேட்காமல் எழுந்து வருவார், விரிந்த கண்ணோடு வெயிலில் தடுமாறி எங்கேயாவது போவார், அடுத்த வாரம் திரை இறங்கிவிடும். அப்புறம் எந்த ஊரில், எந்த மேசையில், எதைத் திருத்துவார்? சொல்லவில்லையென்றால் டாக்டர் பார்ப்பார், லேசர் வைப்பார், கண் நிற்கும், ஆள் போய்விடுவார். கண்ணா ஆளா? இப்படி ஒரு கேள்வியை எந்தக் கடவுள் கேட்பான். இதற்கு நடுவே அக்டோபர் மாதம் வேறு நினைப்பில் வந்து நின்றது. ஒவ்வொரு அக்டோபரிலும் பணியில் இறந்தவர்களுக்கு மலர்வளையம் வைப்பார்கள், அந்த மலைக்காட்டுச் சண்டையில் செத்துப்போன கான்ஸ்டபிளின் மனைவி வருவார், நீலச் சேலை, கையில் ஒரு மஞ்சப் பை. தவமணி அந்தப் பக்கம் நின்று சல்யூட் அடித்திருக்கிறாள். யார் சுட்டது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் பேப்பரில் எங்கேயோ நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையைப் படித்துவிட்டு, "சார், கூட இருந்தவன் சுடலைன்னா அவன் மேல என்ன தப்பு?" என்று நூல் விட்டுப் பார்த்தாள், அதுவும் வேலைதான். அவர் பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "சுடாதவனும் அங்க நின்னவன்தான் ராஜி. ஓடுறதுக்குப் பதிலா நின்னு சொல்லிருக்கணும். ஓட ஆரம்பிச்சுட்டா எங்க நிறுத்துறதுன்னு தெரியாது" என்றார். அந்தப் பேச்சையும் அவள் ரிப்போர்ட்டில் எழுதவில்லை. எழுதாமல் விட்டதையெல்லாம் சேர்த்தால் எழுதியதைவிடத் தடிமனாக இருக்கும்.

"ராஜி." "ம்." "ஏதாவது ஆகி அட்மிட் பண்ணிட்டாங்கன்னா, மேசை டிராயர்ல கணக்கு நோட்ஸ் புரூஃப் இருக்கு. முடிச்சிட்டேன். முதலாளிட்ட குடுத்துருங்க." "எல்லாத்தையும் முடிச்சிட்டா வந்தீங்க?" "பாக்கி வச்சிட்டு வந்தா மனசு இங்க இருக்காதுல்ல." காலடியில் இருந்த துணிப்பை அப்போதுதான் அவள் கண்ணில் சரியாகப் பட்டது. துண்டு, பல்தேய்க்கும் பிரஷ், இரண்டு சட்டை. கண் பார்க்க வருகிறவர் கொண்டுவருகிற பையா இது, ஜெயிலுக்குப் போகிறவர் கொண்டுவருகிற பையா? "பாட்டில்ல தண்ணி இருக்கு, குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். "நீங்க குடிங்க. உங்க குரல் சரியில்ல" என்றார். கண்ணை மூடினால் காது இத்தனை கூர்மையாகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவது சொட்டும் விழுந்தது, டார்ச் வெளிச்சம் அடித்தார்கள், நர்ஸ் பிள்ளை "விரிஞ்சிருச்சு, கூட்டிட்டு வாங்கக்கா" என்றாள். அவர் கையை நீட்டினார், எந்தப் பக்கம் என்று தெரியாமல் பொதுவாக நீட்டினார். அவள் பிடித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை. சூடான, காய்ந்த, மை நாற்றமடிக்கிற கை.

டாக்டர் சின்னப் பெண், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கிழிசல் சின்னதுதான், நல்ல நேரத்துக்கு வந்தீர்கள், இன்றைக்கே லேசர் வைத்துவிடலாம் என்றாள். தவமணிக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, இதற்காகத்தானே இத்தனையும், போதும், இதற்குமேல் எது வந்தாலும் வரட்டும் என்று சுவரில் சாய்ந்தாள். அப்போது டாக்டர் இடது மேல் இமையை விரலால் தூக்கினாள். "இங்க ஒரு மச்சம் இருக்கே. ரொம்ப நாளா இருக்கா, இப்பத்தான் வந்துச்சா? பெருசாகிட்டே வருதா?" என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் இன்னும் குனிந்தாள். "இல்ல, சில மச்சம் கட்டியா மாறும், அதான் கேக்குறேன்." கட்டி என்ற வார்த்தை தவமணியின் காதில் விழுந்தது, அவ்வளவுதான், பன்னிரண்டு வருட சர்வீஸும் பயிற்சியும் எங்கேயோ போய்விட்டன. "பொறந்ததுல இருந்து இருக்கு டாக்டர்! எள்ளு அளவுதான், பெருசாகல. அவங்கம்மாவே குளிப்பாட்டும்போது பாத்துருக்காங்க" என்று படபடவென்று சொன்னாள். "அப்ப பயமில்ல" என்று டாக்டர் விளக்கை நகர்த்தினாள். காகிதத்தில் இரண்டு வட்டம் அச்சடித்திருந்தது, இடது கண்ணுக்கான வட்டத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளி விழுந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று தவமணிக்கு உறைத்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார், முகமே தெரியாது, விடுதியில் வளர்ந்தேன் என்றுதான் சபாபதி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். அவளிடமும் அதைத்தான் சொன்னார். அவருக்கு அம்மா இருப்பதும், அம்மா பார்த்ததும் தெரிய வேண்டுமென்றால் ஒரே ஒரு காகிதத்தைத்தான் படித்திருக்க வேண்டும். அவருடைய முகம் அவள் பக்கம் திரும்பியது. விரிந்த கண்கள், கறுப்பே முழுதாக நிறைந்த கண்கள், ஒன்றும் தெரியாமல் அவள் நின்ற இடத்தைப் பார்த்தன. அப்புறம் திரும்பி, "லேசர் இப்பவே வச்சிரலாமா டாக்டர்?" என்று கேட்டார்.

லேசர் அறைக்கு நர்ஸ்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். தவமணி நீட்டிய கையை அவர் தேடவில்லை. கதவு மூடியது. பெஞ்சில் உட்கார்ந்தாள், மடியில் அந்தக் காகிதம். இரண்டு வட்டம், ஒரு புள்ளி, இவ்வளவுதானா, இதற்காகத்தானா எட்டு மாதம். போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். கை பழக்கத்துக்குப் பிடித்துவிட்டது. படத்துக்குக் கீழே எழுதினாள்: மச்சம் இருக்கு அய்யா. எழுதிவிட்டு அழுத்தவில்லை. அவர் என்ன நினைத்துக்கொண்டிருப்பார் உள்ளே? சொட்டு மருந்தை, ஃபாரத்தை, அழுகையை, முந்தானையை ஒவ்வொன்றாக எடுத்து இது நிஜமா இது வேஷமா என்று பார்த்துக்கொண்டிருப்பாரா? பிழை கண்டுபிடிப்பதுதானே அவர் தொழில். அழுதது நிஜம் சார் என்று கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது. பைண்டிங் பெண்களில் ஒருத்தியாக நின்று உங்கள் மேசை விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தினம் வீட்டுக்குப் போனேன், அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. உங்களை எனக்குப் பிடிக்கும். இதைத் தலைமைக் காவலர் தவமணி சொன்னால் செல்லுமா, ராஜேஸ்வரி சொன்னால் செல்லுமா? வெளியே வந்த நர்ஸ், "நல்லபடியா முடிஞ்சதுக்கா. பார்வை தெளிய சாயங்காலம் அஞ்சு மணி ஆகும். பஸ்ல போனா முன் சீட்ல உக்காருங்க, கடைசி சீட்டுல தூக்கிப் போடும்" என்றாள்.

அவர் சுவரைத் தடவிக்கொண்டு வந்து பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். இரண்டு பேருக்கும் நடுவே துணிப்பை. யாரோ ஒருவருடைய டோக்கன் நம்பரை மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள்.

"எங்கம்மா நல்லா இருக்காங்களா?" என்றார்.

"இருக்காங்க. முட்டிதான் வலிக்குதுன்னாங்க. எனக்கு மோர் குடுத்தாங்க."

"உப்பு கூடப் போட்டிருப்பாங்க."

"ஆமா."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது, சத்தம் வரவில்லை. மருந்தோடு கண்ணீரும் சேர்ந்து சட்டையில் விழுந்தது. கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டார். தவமணி பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். இதற்குமேல் சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியவில்லை.

"வாசல்ல டீக்கடையில மூணு பேர் நிக்கிறாங்க. நான் சொல்லித்தான் நிக்கிறாங்க."

"தெரியும். அதாவது, இப்பத் தெரியும்."

"பின்னாடி சரிவுப் பாதை இருக்கு, ஆட்டோ நிக்கும். மாட்டுத்தாவணியில பன்னெண்டரைக்கு அறந்தாங்கி பஸ். நாலரைக்குள்ள போயிரலாம். உங்களுக்கு அஞ்சு மணிக்குக் கண்ணு தெளியும்." அவள் மூச்சு வாங்கினாள். "ஏழு மணிக்கு நானே அய்யாவுக்குச் சொல்லிருவேன், இங்க இருக்கோம், வாங்கன்னு. அதுக்கு மேல என்னால முடியாது. அந்தக் கான்ஸ்டபிளோட சம்சாரம் நீலச் சேலையில வருவாங்க, அவங்கள நான் அக்டோபர்ல பாக்கணும்."

எந்தக் கான்ஸ்டபிள் என்று அவர் கேட்கவில்லை. புரிந்திருக்க வேண்டும். பதினேழு வருடமாக அவரும் அந்தப் பெண்ணை யோசித்திருக்க மாட்டாரா என்ன.

"அஞ்சுல இருந்து ஏழு" என்றார். "ரெண்டு மணி நேரம். போதும் ராஜி. ஓடிக்கிட்டே இருந்ததுல ரெண்டு மணி நேரம்கூட ஒரு இடத்துல நிம்மதியா உக்காந்ததில்ல."

"ராஜி இல்ல."

"அது தெரியுது. பேரு என்ன?"

"தவமணி."

அவர் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், புதுச் சொல் ஒன்று புரூஃபில் வந்தால் சொல்லிப் பார்ப்பாரே, அதுபோல. போனில் காசிராஜனுக்கு 'இன்னும் கூப்பிடல அய்யா, லேட்டாகும்' என்று அனுப்பினாள். ஆஸ்பத்திரியில் லேட்டாகும் என்றால் எந்த இன்ஸ்பெக்டரும் சந்தேகப்பட மாட்டார். மச்சம் இருக்கு என்ற வரி படத்தோடு அனுப்பாமல் கிடந்தது, அதன் கீழே 'அவங்க அம்மா வீட்டில் இருக்கிறோம், வாங்க' என்று சேர்த்து எழுதி வைத்தாள். மூன்று மாதத்துக்கு அப்புறம் எழுதுகிற முதல் உண்மையான ரிப்போர்ட். ஏழு மணி வரைக்கும் அது போனிலேயே இருக்கட்டும். எழுந்து பையைத் தோளில் போட்டாள்.

அவர் கையை நீட்டினார். இந்த முறை பொதுவாக நீட்டவில்லை, குரல் வந்த பக்கம் பார்த்துச் சரியாக நீட்டினார். கூடத்தின் பின் கதவைத் தாண்டியதும் வெளிச்சம் வந்து முகத்தில் அடித்தது, அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார், அவள் முந்தானையை எடுத்து அவர் நெற்றிக்கு மேலே பிடித்தாள்.

"மெதுவா வாங்க. படி இல்ல, சரிவுதான்."

"தவமணி."

"சொல்லுங்க."

"அஞ்சு மணிக்கு முதல்ல அம்மாவப் பாத்துர்றேன். அப்புறம் நீங்க கொஞ்சம் எதுத்தாப்ல வந்து உக்காருங்க. இத்தனை நாளா பாத்தது வேற ஆளு. உங்கள இன்னும் நான் பாக்கல."